அப்டேட்: மாதவரம் பாலிஹவுஸ்ல எந்த தேனீ?

போன த்ரெட்ல கேட்டிருந்தேன்ல, மாதவரத்துல அண்ணன் போட்ட பாலிஹவுஸ்ல (பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுன செடிக் குடில்) தக்காளியும் குடைமிளகாயும் பூத்து பூத்து கொட்டுது, தேனீ பெட்டி வைக்கலாமான்னு, அதோட அப்டேட் இது.

குடைமிளகாய்க்கு கொசுத்தேனீ (ரொம்ப குட்டியா இருக்கிற தேனீ) பெட்டி வச்சோம், செம ரிசல்ட்! ஆளைக் கொட்டாது, ரொம்ப தூரம் பறக்காது, மூடுன இடத்துலயும் சீக்கிரம் பழகிடுது, காய் நல்ல ஷேப்பா வருது.

தக்காளி கதை வேற. அதோட மகரந்தம் குழாய் மாதிரி பைக்குள்ள இருக்கும், பூவை அதிர வச்சாதான் கொட்டும், நம்ம பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஐரோப்பால 1980கள் கடைசில இருந்து இதுக்கு பம்பிள் பீ (முடி அடர்ந்த குண்டுத் தேனீ) வளர்த்து விக்கிறாங்க, ஆனா அது குளிர் பிரதேச பூச்சி, சென்னை வெயிலுக்கு செட்டே ஆகாது. நம்மூர்ல இதே மாதிரி கத்திரிப்பூவை அதிர வைக்கிறது கருவண்டும் (மரத்தைத் துளைக்கிற பெரிய கருப்புத் தேனீ) நீலக்கோடு தேனீயும்தான், அதுங்கள பெட்டில அடைச்சு வளர்க்கிறது கஷ்டம், அதனால தக்காளிக்கு காலைல எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷ காம்புல வச்சு அதிர விடுறோம், பிஞ்சு நிக்குது.

வெள்ளரி பத்தி கேட்டவங்களுக்கு: பாலிஹவுஸ் ரகம் பெரும்பாலும் மகரந்தம் சேராமலே காய்க்கும், அங்க தேனீ வேண்டவே வேண்டாம், உள்ள விட்டா விதை வச்சு காய் கோணிடும்.

மருந்து அடிக்கிற அன்னைக்கு பெட்டிய வெளிய எடுத்துடுங்க, ப்ளீஸ்.