பணம் போனது, போய்ச் சேரவில்லை. ஆனாலும் ஏன் விடவில்லை?

மழைக்குருவி:
கைபேசியில் பணம் செலுத்தத் தொடங்கியது ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் இருக்கிறது: யாரோ சொன்னார்கள், ஏதோ சலுகை கிடைத்தது. இன்றுவரை ஏன் விடவில்லை என்பதுதான் என் கேள்வி. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கிய இரண்டாம் மாதம் வீட்டு வாடகை அனுப்பினேன். என் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. திரையில் ‘நிலுவையில் உள்ளது’ என்ற ஒரே வரி. அவர் வரவில்லை என்கிறார், நான் அனுப்பிவிட்டேன் என்கிறேன், இரண்டுமே உண்மை. இரவு முழுவதும் செயலியைத் திறந்து திறந்து பார்த்ததில் பேட்டரி தீர்ந்ததுதான் மிச்சம். மறுநாள் மதியம் பணம் என் கணக்குக்கே திரும்பியது. பிறகுதான் விளங்கியது: என் வங்கி கழிப்பதும் அவர் வங்கி வரவு வைப்பதும் தனித்தனி வேலைகள். அங்கிருந்து உரிய நேரத்தில் பதில் வராவிட்டால் பரிவர்த்தனை நடுவழியில் நின்றுவிடும். பின்னர் இரு பக்கக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பார்கள் அல்லது திருப்பிவிடுவார்கள்.

ஒழுங்காகச் சென்ற எத்தனையோ தடவைகள் தராத நம்பிக்கையை, திரும்பி வந்த அந்த ஒரு தடவை தந்தது. விசித்திரம்தான்.

நூற்கண்டு:
உங்களுக்கு ஒரே நாள். எனக்கு ஒன்பது நாள்! வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை. பரிவர்த்தனை எண் மனப்பாடமே ஆகிவிட்டது. பணம் வந்த அன்றே அந்தச் செயலியை நீக்கினேன். நீக்கிவிட்டு என்ன செய்தேன்? வேறொரு செயலியை நிறுவினேன். ரொக்கத்துக்குத் திரும்பலாம் என்ற எண்ணமே எழவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் இது எனக்கே உறைக்கிறது.

ஊசிமுனை:
தையல் தொழில் செய்கிறேன். நான் விட நினைத்தாலும் வருகிறவர்கள் விடமாட்டார்கள். பாதிப் பேர் பணப்பையே கொண்டுவருவதில்லை. ஒருமுறை ஒருவர் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்ற திரையைக் காட்டிவிட்டுத் துணியை வாங்கிச் சென்றார். இரவு பார்த்தால் வரவே இல்லை. அது பழைய படம். இப்போதெல்லாம் என் கணக்கில் வரவு விழுந்த செய்தியைப் பார்த்த பிறகுதான் துணி கைமாறும். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அதற்காக விட்டுவிடவா முடியும்? சில்லறை தேடி ஓடும் வேலையும் இரவில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலையும் ஒழிந்தனவே.

ஏட்டுச்சுரை:
நூற்கண்டு சொல்வதைத்தான் நாங்கள் பாடமாகப் படிக்கிறோம். ஒன்றைத் தொடங்கவைப்பது வேறு, தொடரவைப்பது வேறு என்று பட்டாச்சார்ஜி என்ற ஆய்வாளர் 2001இல் இணைய வங்கிச் சேவையை வைத்து எழுதினார். எதிர்பார்த்தது நடந்ததா, அதனால் மனநிறைவு வந்ததா, இன்னும் பயன்படுகிறதா என்பவற்றைப் பொறுத்தே மக்கள் தொடர்கிறார்கள் என்பது அவர் வாதம். 2007இல் லிமாயெம் என்ற ஆய்வாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதோடு பழக்கத்தையும் சேர்த்தார்கள்: பழக்கம் வலுக்க வலுக்க, ‘தொடர வேண்டும்’ என்ற எண்ணத்துக்கு வேலை குறைந்துவிடுகிறது. ஊசிமுனை ஐயாவின் வாடிக்கையாளர்கள் யோசித்தா கைபேசியை நீட்டுகிறார்கள்?

வெறும்பை:
பழக்கம் என்று அழகாகச் சொல்கிறீர்கள். எனக்குச் செலவு செய்வதே தெரியவில்லை, அதுதான் உண்மை. தாளை எண்ணிக் கொடுக்கும்போது கை தயங்கும். ரகசிய எண்ணை அழுத்தும்போது தயங்குவதில்லை. மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தேன், செலவு குறைந்தது. நண்பர்களோடு வெளியே போனால் பங்கைப் பிரிக்கும் நேரத்தில் நான் ஒருவன் மட்டும் சில்லறைக்கு அலைந்தேன். நான்காம் மாதம் திரும்பிவிட்டேன். இப்போது அதற்கென்று தனிக் கணக்கு வைத்து, மாதம் ஒருமுறை அளந்து போடுகிறேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

நூற்கண்டு:
தனிக் கணக்கு நல்ல யோசனை, நாளையே தொடங்குகிறேன்.

மழைக்குருவி:
இதை எழுதும்போதே ஒரு பணம் நிலுவையில் நிற்கிறது. மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடக்கூடும், எனவே அனுப்பவில்லை. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துவிட்டேன். தூங்கப் போகிறேன்.