இந்த வெயிலுக்கு என்ன உடுத்துகிறீர்கள்? பட்டதைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:
போன மாதம் எங்கள் சின்னத்தையைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். உள்பாவாடை நாடா பதிகிற இடத்தில் தோல் கறுத்துத் தடித்து, வலப்பக்கம் மட்டும் ஒரு புண் ஆறவே மாட்டேன் என்றிருந்தது. இறுக்கிக் கட்டினால்தான் புடவை நிற்கும் என்பது அவர் கட்சி. டாக்டர் "எத்தனை மாசமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேச்சை வளர்க்காமல் கொஞ்சம் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நல்லவேளை, ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் நாடா ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் உரசி, ஆறாத புண்ணாகவே கிடந்தால் அபூர்வமாகப் புற்றாகவும் மாறலாமாம். மகாராஷ்டிரா, பீகார் பெண்கள் இருவருக்கு இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் அப்படி வந்ததை 2024ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். வேட்டி கட்டும் ஆண்களுக்கும் இடுப்பில் வந்ததை 1940களிலேயே பம்பாயில் பதிவு செய்திருக்கிறார்கள், அதனால் ஆண்கள் சிரிக்க வேண்டாம். இப்போது சின்னத்தைக்கு அகலப் பட்டி வைத்த பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறோம், வீட்டில் இருந்தால் நைட்டிதான். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:
எங்கள் அப்பத்தாவுக்கு இந்த நாடா வம்பே கிடையாது. பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி கட்டுவார், கணுக்காலுக்கு மேலேயே நிற்கும், வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தண்ணீர் தெளித்தாலும் கரை நனையாது. கெட்டியான பருத்திதான், ஆனாலும் வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். பாலியஸ்டர் உறிஞ்சுவது இல்லை என்றே சொல்லலாம், ஈரம் உடம்பிலேயே நிற்கும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதே கட்டம், அதே அரக்குக் கரை போட்டு பாலியஸ்டர் கலந்ததையும் கண்டாங்கி என்றே விற்கிறார்கள், போன வைகாசிக் கல்யாணத்துக்கு எனக்கு வந்த புடவையும் அப்படித்தான், தாலி கட்டுவதற்குள் முதுகெல்லாம் வேர்க்குரு! முந்தானையில் ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினேன், சுருண்டு கறுப்பாய்க் கடுகுபோல் உருண்டுவிட்டது. பருத்தி நூல் காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். கடையில் கொளுத்திப் பார்க்க விட மாட்டார்கள், அதனால் வாங்கியதும் வீட்டில் பாருங்கள்.

தேவகோட்டையிலிருந்து:
தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி நடக்கிற கூட்டத்தில் வருஷா வருஷம் நானும் உண்டு. புதிதாக வரும் பையன்கள் ஜீன்ஸிலோ வழுவழுப்பான டிராக் பேன்ட்டிலோ வந்து நிற்பார்கள். சிங்கம்புணரி தாண்டுவதற்குள் தொடை இடுக்கு உரசிச் சிவந்து, காலை அகட்டி அகட்டி நடப்பார்கள். துவைத்துத் துவைத்துப் பழசான வேட்டி, உள்ளே தொடை வரை வரும் பருத்தி உள்ளாடை, ராத்திரி தங்கும் இடத்தில் குளித்து ஈரம் போகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். புது வேட்டியின் கஞ்சியே அறுக்கும் அண்ணே, காவி வாங்கியதும் இரண்டு அலசல் போட்டுவிடுங்கள்.

புதுவயலிலிருந்து:
என் தம்பிக்கு இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ், அதோடு பைக். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. போட்டதும் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வட்டம் போடும். டாக்டர் அதை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். அதைவிட அதிகம் திட்டியது துணிக்காக: தளர்ந்த பருத்தி பேன்ட் போடு, உள்ளாடையை வெயிலில் காயப்போடு, வீட்டில் எல்லாரும் ஒரே துண்டில் துடைக்காதே. துண்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டையே.

மறுபடியும் காரைக்குடி, துணிக்கடையில் வேலை பார்ப்பவள்:
எல்லாம் சரிக்கா, பருத்தியை மடித்து மடித்து விற்கிற எங்களுக்கு யூனிபார்ம் சிந்தெடிக் புடவை, மேலே ஒரு ஓவர்கோட்டு. துவைக்க லேசு, கசங்காது என்பது முதலாளி வீட்டுக் கணக்கு. சித்திரையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டதில், அதே நிறத்தில் பருத்தி ரவிக்கை தைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். புடவையைத் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.