ஒட்டாவாத் தோட்டத்து நீலக் கதிர்ப்பூ டெல்பினியம்தானா?

கேள்வி: வெள்ளவத்தை மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா சென்ற வருடம் ஒட்டாவாவில் ஒரு பழைய வீடு வாங்கினார். அங்கு முன்பு இருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன செடியொன்று, பனி உருகியதும் நிலத்தடியிலிருந்து மீண்டும் முளைத்து, அக்காவின் தோளளவு உயர்ந்து, ஜூலை கடைசி வாரம் முதல் கருநீலக் கதிர்களாகப் பூத்து நிற்கிறது. இலைகள் உள்ளங்கை வடிவில் ஆழமாகப் பிளவுபட்டிருக்கின்றன. அதை டெல்பினியம் என்று நம்பும் அக்கா, வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பி என்னிடம் உறுதி கேட்கிறார். மொட்டைமாடியில் செவ்வரத்தையும் மல்லிகையும் வளர்க்கும் எனக்குக் குளிர்நாட்டுச் செடிகளோடு பழக்கமில்லை. இரண்டு வயதுப் பேத்தி அந்தத் தோட்டத்தில்தான் விளையாடுகிறாள் என்பதால் தவறாகச் சொல்லிவிட அஞ்சுகிறேன். விதை கிடைத்தால் கொழும்பில் வளர்க்க முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: கொட்டாஞ்சேனை வாசி

வணக்கம் சகோதரி. பத்தொன்பது வருடங்கள் கனடாவில் தோட்டம் வைத்திருந்துவிட்டுத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயரை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். டெல்பினியமும், பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் அக்கோனைட்டம் என்ற நச்சுச்செடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இலைகளையும் வைத்துப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம். பூவைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பக்கவாட்டிலிருந்து. டெல்பினியத்தின் பூ முகம் மலர்ந்து விரிந்திருக்கும். அதன் பின்புறத்தில் சேவற்காலின் முள்ளைப் போல ஒரு கொம்பு நீண்டிருக்கும். அக்கோனைட்டத்தில் அந்தக் கொம்பு வெளியே தெரியாது. மேலிதழ் வளைந்து கவிந்து, பூ முக்காடிட்டது போல இருக்கும். ஒட்டாவா போன்ற இடங்களில் டெல்பினியம் பெரும்பாலும் ஜூன் கடைசியில் பூக்கத் தொடங்கி ஜூலையில் முதற்பூப்பை முடித்துவிடும். ஜூலை கடைசியில்தான் பூக்கத் தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதே என்னைச் சந்தேகிக்க வைக்கிறது. ஒரு பூவைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பும்படி அக்காவிடம் கேளுங்கள். செடியை வெறுங்கையால் தொட வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பதில்: வெள்ளவத்தை மாடித்தோட்டம்

படம் வந்துவிட்டது, ஐயா. பின்புறத்தில் கொம்பு எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன முக்காடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. அக்கா கலங்கிப்போயிருக்கிறார், இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: கொட்டாஞ்சேனை வாசி

அப்படியானால் அது அக்கோனைட்டம்தான். நம் சித்த மருத்துவர்கள் வச்சநாபி என்று சொல்லும் நஞ்சுக்கிழங்கு இதே இனத்துச் செடியினுடையது; சுத்தி செய்யாமல் அதை அவர்கள் மருந்தில் சேர்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு, கிழங்கும் விதையும் மிகக் கடுமையானவை. வாயில் விறுவிறுப்பும் மரத்துப்போதலும் தொடங்கி இதயத்துடிப்பையே குலைத்துவிடும். குழந்தை ஒரு துண்டை மென்றதாகச் சந்தேகம் எழுந்தாலும் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரியவர்கள் மட்டுமே உள்ள வீடாக இருந்திருந்தால் வேலியோரத்தில் விட்டுவையுங்கள் என்றே சொல்லியிருப்பேன், ஏனென்றால் கோடை முடிவில் அதற்கு நிகரான நீலம் அரிது. பேத்தி இருக்கும் வீட்டில் அது வேண்டாம். கையுறை அணிந்து, கிழங்குகளை ஒன்றுவிடாமல் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். மண்ணில் தங்கிய கிழங்கு அடுத்த வசந்தத்தில் முளைத்துவிடும்.

டெல்பினியமும் உண்ணத் தகாததே. ஆகவே பேத்தி வளரும்வரை அந்த இடத்தில் உயரமான ஃபுளொக்ஸ் நடுவதுதான் நல்லது. அது நஞ்சற்றது, மூன்று நான்கு அடி உயரும், மணமும் உண்டு. இலைகளில் சாம்பல் நோய் வராமலிருக்கச் செடிகளுக்கிடையே காற்றோட்டம் விட வேண்டும்.

பின்னொரு காலத்தில் அக்கா டெல்பினியம் வைப்பதானால், அது குளிருக்கு அஞ்சாது என்பதை அறிந்திருக்கட்டும். பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகையையும் பனிப்போர்வையின் கீழ் தாங்கிக்கொள்ளும். அதைக் கொல்வது குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரம். எனவே நீர் வடியும் மேட்டுப் பாத்தியும் நிறையக் கூட்டெருவும் தேவை. தண்டு உள்ளே வெற்றுக்குழல் என்பதால் பூத்த கதிர் ஒரே மழைக்காற்றில் முறிந்துவிடும். செடி ஓரடி உயரும்போதே தடி ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு, ஒரு வருடத்துப் பூக்கள் முழுவதையும் ஒரே இரவில் இழந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. முதற்பூப்பு முடிந்ததும் கதிரை வெட்டிவிட்டால் கோடை முடிவில் சிறிய அளவில் மறுபடியும் பூக்கும்.

பதில்: தெமட்டகொடை, பிறந்த இடம் நுவரெலியா

சகோதரியின் இரண்டாவது கேள்விக்குப் பதில்: கொழும்பில் டெல்பினியத்தை வருடக்கணக்கில் வைத்திருக்க இயலாது. அது குளிர்காலத்தில் நிலத்தடியில் ஓய்வெடுத்து, வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கும் செடி. கொழும்பில் இரவிலும் வெப்பம் இருபது பாகைக்கு மேலேயே நிற்பதால் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. விதையே ஏறத்தாழ பதினைந்து பாகையில்தான் நன்கு முளைக்கும். சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் நாட்களும் உண்டு என்பதால், அங்கே முயன்று பார்க்கலாம். ஆனால் ஜூன் மாதத்தில் ஒட்டாவாவுக்குக் கிடைக்கும் பதினைந்தரை மணிநேரப் பகல் நம் மலைகளில் இல்லை, ஆகவே அதே பூப்பை எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டு விதையைத் தபாலிலோ பயணப்பெட்டியிலோ வரவழைக்கவும் வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதி பெற வேண்டும். விபரத்தைக் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுக்காப்பு நிலையத்தில் கேட்டறியலாம். மொட்டைமாடியில் நீலக் கதிர்தான் வேண்டுமென்றால் அஞ்சலோனியா வையுங்கள்; வெயிலைத் தாங்கும்.

பதில்: வெள்ளவத்தை மாடித்தோட்டம்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அக்காவின் மகன் சனிக்கிழமை கையுறையோடு தோண்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த மூலையைக் கம்பிவலையால் மறைத்துவிட்டார்கள்.