புதுப்பிப்பு: ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்கள் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு வந்த பசைத்தாள் ஆல்பத்திலிருந்து பழைய படங்களை எப்படிப் பிரிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைச் சொன்னவருக்குப் பெரிய நன்றி. மெழுகு தடவாத நூலை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் கழன்று வருகிறது. ஒரு படத்தில் மட்டும் அவசரப்பட்டேன், ஓரம் கிழிந்தது. அதைத் தாளோடு அப்படியே விட்டுவிட்டோம்.

ஆனால் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஸ்கேன் செய்தது நல்லதாகப் போயிற்று. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தானே, அதை வைத்தே ஒரு திருமணக் கூட்டப் படத்தில் நான்கு பேரை அடையாளம் கண்டோம். தனிப் படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமித்தோம். பெயர்களைப் பின்புறம் ஓரமாக மென்மையான பென்சிலில்தான் எழுதினோம், பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அப்புறம் அமிலமற்ற காகித உறை.

லேமினேட் செய்யலாம் என்று உறுப்பினர் ஒருவர் இன்னமும் பிடிவாதம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது ஐயா!

ஒரு படத்துக்கு இரண்டு பெரியவர்கள் இரண்டு பெயர் சொல்கிறார்கள். இரண்டையும், யார் சொன்னது என்பதோடு குறித்து வைத்திருக்கிறோம்.