மீன்கள் செத்து மிதப்பதற்கு முன்பே நடந்தவை: நீரோடு பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

நீராய்வகப் பணியாளர்

மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன என்ற செய்தி வந்தவுடன் "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்றுதான் பேச்சு கிளம்புகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் என் கைக்கு வந்த மாதிரிகளில் பெரும்பாலானவை வேறு கதையைச் சொல்லின. அந்த மீன்கள் மூச்சு முட்டிச் செத்திருந்தன.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க இப்போது மின்முனைக் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் பழைய விங்க்ளர் முறையைக் கண்ணால் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். சிறு கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு, மூடிக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். உள்ளே திப்பி திப்பியாக வீழ்படிவு திரளும். ஆக்சிஜன் இருந்தால் அதன் நிறம் பழுப்பு. இல்லையென்றால் பால் வெள்ளை. கழிவுநீர் வந்து கலக்கும் இடத்தில் கரையில் நின்றுகொண்டு, புட்டிக்குள் அந்த வெள்ளை மெல்ல அடியில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அங்கே செவுளால் மட்டுமே சுவாசிக்கும் எதுவும் உயிரோடு இருக்க முடியாது.

கணக்கு எளிமையானது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நல்ல நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரோ, தன்னிலுள்ள மட்கும் பொருளைச் சிதைக்க லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேலும் ஆக்சிஜன் கேட்கும். அதாவது ஒரு லிட்டர் சாக்கடை, 25 லிட்டர் நல்ல நீரின் மூச்சைப் பறித்துவிடும். அதில் துளி நஞ்சுகூட இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் நேரில் கண்டவற்றையும் இங்கே எழுதுங்கள். மீன் சாவதற்கு முந்தைய நாட்களில் என்ன பார்த்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மீன் பண்ணை நடத்துபவர்

ஐயா, நீங்கள் கேட்ட அந்த முந்தைய நாட்களோடுதான் நான் வாழ்கிறேன்.

பண்ணைக் குளத்து நீர் பச்சையாக இருப்பது நல்லதுதான். ஓரளவு பாசி இருந்தால் மீனுக்கு இரையும் கிடைக்கும், பகலில் ஆக்சிஜனும் கிடைக்கும். ஆனால் மேட்டு வயல்களில் உரம் போட்ட கையோடு பெருமழை பெய்தால் கதை மாறிவிடும். கரைந்த உரம் அத்தனையும் ஓடி வந்து குளத்தில் சேரும். சில நாட்களில் நீர் பச்சைக் குழம்பாகத் தடித்துவிடும். கையை முழங்கை வரை விட்டால் விரல்கள் தெரியாது.

பகலில் எந்தத் தொல்லையும் தெரியாது. நண்பகலில் அளந்தால் ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருக்கும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் அதே பாசி ஆக்சிஜனை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது, ஆனால் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. மீனும் சுவாசிக்கிறது, அடிச்சேற்றில் உள்ள கிருமிகளும் சுவாசிக்கின்றன. இரவெல்லாம் செலவு மட்டும்தான், வரவு இல்லை. விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் கீழே போகும். அப்போது கரையில் நின்றால் 'ப்ளக், ப்ளக்' என்று மெல்லிய ஓசை கேட்கும். மீன்கள் மேலே வந்து, நீர்ப்பரப்புக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய படலத்தை வாயைத் திறந்து திறந்து உறிஞ்சும் ஓசை அது. பெரிய மீன்கள்தான் முதலில் தளரும்.

என்னிடம் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் கருவி இருக்கிறது. ஓசை கேட்டதும் ஓடிப்போய் இயக்கிவிடுவேன். அதே மழைநீர் சேரும் ஏரிக்கு அப்படி ஓடி வர யாரும் இல்லை. மேகமூட்டம் தொடர்ந்து நிற்கும் நாட்களில் பாசி மொத்தமாகச் செத்து அழுகத் தொடங்கினால் ஒரே இரவில் முடிந்துவிடும். காலையில் பார்ப்பவர்கள் விஷம் என்கிறார்கள்.

அறிவியல் ஆசிரியர்

மேலே மீன் பண்ணை நடத்தும் அம்மையார் சொன்னதை மாணவர்களுக்கு விளக்க நான் காட்டும் படம் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 226 என்ற எண்ணுடைய ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளரின் குழுவினர் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலமாகவும், பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி பெருகிப் பச்சைப்பசேல் என்றும் இருக்கும். சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கப் பல நாடுகள் சட்டம் கொண்டுவந்ததில் அந்த ஒரு படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

உரமும் கழிவுநீரும் கடலையும் விடவில்லை. மிசிசிப்பி ஆறு சுமந்து வரும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவின் அடிநீரில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் வற்றிப்போகிறது. 2017-இல் அந்தப் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. நீந்தத் தெரிந்தவை தப்பி ஓடுகின்றன. மண்ணுக்குள் வாழும் புழுவும் சிப்பியும் எங்கே ஓடும்?

ஓடைகளில் பூச்சி கணக்கெடுக்கும் தன்னார்வலர்

நான் மீனைப் பார்ப்பதில்லை, கல்லைப் புரட்டுகிறேன். நல்ல ஓடையில் கல்லின் அடிப்புறத்தில் ஓர் உலகமே இருக்கும். மணலையும் குச்சித் துணுக்குகளையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் ஒளிந்திருக்கும் புழுக்கள் இருக்கும். வாலில் மெல்லிய இழைகளோடு, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்கத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சிகள் இருக்கும். கழிவு கலந்தால் முதலில் காணாமல் போகிறவர்கள் இவர்கள்தான். அவற்றின் இடத்தில் செக்கச்செவேல் என்று நெளியும் புழுக்கள் வந்துவிடும். நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அவற்றின் உடம்பிலும் இருக்கிறது. கிடைக்கும் சொற்ப ஆக்சிஜனையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் அதிகம் வருந்துவது கலங்கல் நீருக்காக. மண்தானே, மழை பெய்தால் வருவதுதானே என்று யாரும் பொருட்படுத்துவதில்லை. கட்டுமானத்துக்காக மேட்டில் மண்ணைத் தோண்டிப் போட்டிருந்த ஓர் ஓடையில், மழைக்குப் பிறகு கல்லைப் புரட்டினேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடுக்குகள் எல்லாம் மாவு போன்ற வண்டல் அடைத்து, பூசி மெழுகிவிட்டது போல இருந்தன. மீன் முட்டையிடுவதும் பூச்சி ஒளிவதும் அந்த இடுக்குகளில்தான். நீரோட்டம் உள்ளே புகாவிட்டால் முட்டைகள் மூச்சு முட்டி அழிந்துவிடும். நீர் தெளிந்த பிறகு அங்கே போகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

முக்குளிப்பவர்

இதுவரை எழுதியவர்கள் கண்ணுக்குத் தெரியாததைச் சொன்னீர்கள். நான் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

அறுந்து போன வலைகளைக் கடலடியிலிருந்து எடுக்கும் குழுவில் இருக்கிறேன். நைலான் வலை மட்குவதில்லை. பாறையில் சிக்கிய பிறகும் அது மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மீன் மாட்டிச் சாகும். அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும், அதைத் தேடி இன்னொன்று வரும். ஒருமுறை ஒரு வலையை வெட்டும்போது, மடிப்புக்குள் ஒரு கடலாமை இருந்தது. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அதன் முன்துடுப்பைச் சுற்றி இழை இறுகித் தோலை அறுத்து எலும்பு வரை போயிருந்தது. எவ்வளவு இழுத்துப் போராடியிருந்தால் அப்படி அறுபட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. மேலே நீர் கண்ணாடியாக இருந்தது.

நீராய்வகப் பணியாளர்

முக்குளிக்கும் நண்பரே, உங்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். தெளிந்த நீர் நல்ல நீர் என்ற நம்பிக்கைதான் எங்களுக்குப் பெரிய தடை. ஒன்டாரியோவின் அதே ஆய்வு ஏரிகளில், 260 என்ற எண்ணுடைய ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரைகளில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சேர்த்துப் பார்த்தார்கள். அளவு, லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏரியின் தெளிவும் நிறமும் மாறவில்லை. ஆனால் அங்கிருந்த சிறு மீன் இனம் ஒன்றின் ஆண்களிடம் பெண் தன்மை தோன்றி, இனப்பெருக்கம் நின்று, அந்த இனமே ஏரியில் ஏறக்குறைய இல்லாமல் போனது. மீன் செத்து மிதக்கவில்லை. புதிதாகப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். சேர்ப்பதை நிறுத்திய பிறகு அது மெல்ல மீண்டது.

சாலையோர ஓடை ஒன்றைக் கவனிப்பவர்

மழைநீர் வடிகால் வழியாக ஓடைக்கு வருவது வெறும் மழைநீர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முட்டையிட நகர ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் முட்டையிடாமலேயே செத்துப்போவது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. 2020-இன் இறுதியில்தான் விடை வெளியானது. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து நஞ்சாக மாறுகிறது. தேயும் டயரின் தூளோடு அது சாலையிலிருந்து ஓடைக்குப் போகிறது. வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நீராய்வக ஐயாவிடம் ஒரு கேள்வி. மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைக் கண்டால், எங்களைப் போன்றவர்கள் உடனே என்ன செய்ய வேண்டும்?

நீராய்வகப் பணியாளர்

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையா, பிற்பகலா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். பிறகு எந்த மீன் தவிக்கிறது என்று பாருங்கள். பெரியவை மட்டும் என்றால் ஆக்சிஜன் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறியதும் பெரியதும் நண்டும் நத்தையும் ஒரே நேரத்தில் துடித்தால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது நீருக்குள் இறங்காதீர்கள், அந்த மீனைத் தொடவோ எடுத்துச் செல்லவோ வேண்டாம்.

சுத்தமான கண்ணாடிப் புட்டியை நீருக்கு அடியில் பிடித்து, குமிழி தங்காமல் விளிம்பு வரை நிரப்பி, உள்ளேயே மூடிவிடுங்கள். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புட்டிகள் வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடமோ அருகிலுள்ள நீராய்வகத்திலோ சேர்த்துவிடுங்கள். நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவு, நண்பகலுக்குள் ஆற்றோடு போய்விடும். அதற்குப் பிறகு யார் வந்து நீரை அள்ளினாலும் அதில் எதுவும் இருக்காது.