கத்தி முதுகில் அறையும் தடிக்குப் பெயர்: ‘அறைதடி’

அன்பர்களுக்கு வணக்கம்.

கத்தியின் அலகை விறகுத் துண்டின் தலையில் வைத்து, அதன் முதுகில் மரத்தடியால் அடித்துப் பிளக்கும் முறையைப் பேட்டனிங் என்றும், அடிக்கும் தடியைப் பேட்டன் என்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறார்கள். அந்தத் தடிக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்னும் இந்த உரையாடலில் ‘தட்டுகோல்’, ‘அடிகட்டை’, ‘கொட்டாப்புளி’ என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இவ்வேலையை முதன்முறையாகச் செய்யப்போகிற ஒருவர், பெயரைப் படித்த அளவில், சுற்றிலும் கிடக்கும் மரங்களில் எதைக் கையில் எடுப்பார் என்பதே என் கேள்வி. பொருத்தமற்ற தடியை எடுத்தால் கத்தி கெடும், கையும் காயப்படும். ஆகவே தடி எப்படி இருக்கவேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டு பெயருக்கு வருவோம்.

மடங்காத கத்தியை, அதிலும் காம்பு, அதாவது பிடிக்குள் செல்லும் அலகின் தொடர்ச்சி, பிடியின் கடைசி வரை ஓடுகிற கத்தியைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும். பிளக்கப்படும் துண்டின் குறுக்களவைவிட அலகு சில சென்டிமீட்டராவது நீண்டிருப்பது கட்டாயம். 10 செ.மீ. அலகு உள்ள கத்தி 6 அல்லது 7 செ.மீ. குறுக்களவுள்ள துண்டுக்குப் போதும். முதல் அடிகள் முதுகின் நடுவில் விழுகின்றன. அலகு மரத்துக்குள் முழுதும் இறங்கியபின் நடுப்பகுதி மறைந்துவிடுவதால், மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிப்பகுதியில்தான் அடிக்க முடியும். அதாவது, சில மில்லிமீட்டர் மட்டுமே தடிமனுள்ள ஒரு விளிம்பில், சில சென்டிமீட்டர் நீளத்துக்குள், ஒவ்வொரு அடியும் தவறாமல் விழவேண்டும். தடியைத் தேர்வதற்கான நெறிகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறக்கின்றன.

மெல்லிய குச்சிக்குப் போதிய எடை இல்லாததால், அதை வேகமாக வீசவேண்டியிருக்கிறது. வேகம் கூடக்கூடக் குறி தவறுகிறது. மணிக்கட்டளவு, ஏறத்தாழ 4 முதல் 6 செ.மீ. வரை, பருமனுள்ள தடியோ தன் எடையாலேயே அலகை உள்ளே இறக்கிவிடும். ஓங்கி அடிக்கத் தேவையில்லை. நீளம் முன்கையளவு இருந்தால் நல்லது. 30 முதல் 40 செ.மீ. என்று கொள்ளலாம். அதைவிடக் குட்டையாக இருந்தால் அடிக்கும் விரல்கள் நீட்டிய நுனிக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன; மிக நீண்டால் தடியின் தலை எங்கே விழும் என்பது கைக்குள் அடங்குவதில்லை.

மரத்தின் தன்மை பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பலர் பருமனைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். மென்மரத்தில் கத்தியின் முதுகே பதிந்துவிடுவதால், அடியின் விசையில் ஒரு பகுதி தடியை நசுக்குவதிலேயே வீணாகிறது. நன்கு காய்ந்தும் உளுக்காத, வைரம் பாய்ந்த தடி நெடுநேரம் தாங்கும். அது கிடைக்காவிட்டால் வன்மரத்தின் ஈரமான கிளையும் நன்றாக உழைக்கும். நீரின் எடை அதற்கு உதவுகிறது, எளிதில் முறிவதுமில்லை. நின்றபடியே பட்டுப்போய் உளுத்த கிளையை மட்டும் எடுக்கவே கூடாது, அது அடியின்போது ஒடிந்து முகத்துக்குத் தெறிக்கக்கூடும். கணுக்கள் பிடிக்கும் இடத்தில் இருந்தால் கையை உறுத்தும். அடிபடும் தலைப்பகுதியில் இருந்தாலோ நன்மைதான், அங்கே இழைகள் பின்னிக் கிடப்பதால் தடி சிம்பு சிம்பாகப் பிரியாது. கல்லையும் இரும்புச் சுத்தியலையும் எந்நிலையிலும் தவிர்க்கவேண்டும். அவை முதுகை நசுக்கும், கடினமாக்கப்பட்ட எஃகில் விரிசலையோ தெறிப்பையோ உண்டாக்கும்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘கோல்’ என்றவுடன் மெலிந்து நீண்ட ஒன்றே மனத்தில் எழுகிறது. தொடரோட்டத்தில் கைமாறும் பேட்டனுக்கு அது பொருந்தலாம். இங்கே அது மெல்லிய குச்சியை எடுக்கச் சொல்லும் பெயராகிவிடும். ‘தட்டு’ என்னும் வினையும் இந்த அடியின் கனத்தைக் காட்டவில்லை. ‘அடிகட்டை’யில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரியது. பிளக்கப்படும் துண்டுக்குக் கீழே தாங்கலாக வைக்கும் மரத்தை அடிக்கட்டை என்றே பலரும் சொல்வார்கள். ஒற்றெழுத்து ஒன்றே மேலே இருக்கும் பொருளையும் கீழே இருக்கும் பொருளையும் வேறுபடுத்துமானால், செய்முறைக் குறிப்பில் குழப்பம் நிச்சயம். ‘அடிதடி’ என்பதோ கைகலப்பைக் குறித்து வேரூன்றிவிட்டது.

கொட்டாப்புளி அருமையான சொல், உளி வேலையில் இன்றும் வாழும் சொல். ஆனால் அது தலையும் பிடியுமாகச் செய்யப்பட்ட கருவி. இங்கே நாம் பெயரிடுவது, இருந்த இடத்தில் வெட்டியோ பொறுக்கியோ எடுக்கும் ஒற்றைத் துண்டு. கொட்டாப்புளி வைத்திருப்பவர் அதனாலேயே கத்தி முதுகில் அடிக்கலாம் என்பதில் தடையில்லை, எனினும் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் கொட்டாப்புளியின் பொருள் நெகிழ்ந்துபோகும். பழைய இலக்கியத்தில் குறுந்தடிக்கு வழங்கிய ‘குணில்’ என்னும் சொல்லும் எனக்குப் பிடித்ததே. முரசறையும் கோலை நினைவூட்டுவதாலும், இன்றைய வாசகருக்கு விளக்கம் தேவைப்படுவதாலும் அதை விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை ‘அறைதடி’. முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை அது. ஆணி அறைதல் என்னும்போது, ஒரு பொருளை அடித்து மற்றொன்றனுள் இறக்குதல் என்ற பொருள் தானே வந்துவிடுகிறது. கத்தி விறகினுள் இறங்குவதும் அவ்வாறே. ‘தடி’யில் பருமனும் கனமும் உள்ளன. வீட்டின் அறையோடு மயங்கும் என்று ஒருவர் கேட்கலாம்; முரசறைதல், கன்னத்தில் அறைதல் என்று வினையாக வரும் இடங்களில் யாரும் அப்படி மயங்குவதில்லை. செயலுக்கு ‘அறைந்து பிளத்தல்’ என்றே எழுதலாம், தனிச்சொல் கட்டாயமில்லை.

விளக்கத்தைப் பின்வருமாறு தர விரும்புகிறேன்: அறைதடி: கத்தி முதலியவற்றின் முதுகில் அடித்து அலகை மரத்தினுள் செலுத்தப் பயன்படும், மணிக்கட்டளவு பருமனும் முன்கையளவு நீளமும் உள்ள வன்மரத்துண்டு. ‘முதலியவற்றின்’ என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு: அலகுக்குச் செங்குத்தாகப் பிடி பொருத்தி, பலகைகளையும் ஓடுகளாகப் பயன்படும் மரச்சில்லுகளையும் இழையோட்டத்தின் வழியே பிளக்கும் கருவிக்கும் இதே போன்ற தடியால்தான் அடிக்கிறார்கள்.

தச்சு வேலையிலோ மூங்கில் வேலையிலோ இதற்கென்றே வழங்கும் சொல் யாருக்கேனும் தெரிந்திருந்தால் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன். புழக்கத்தில் உள்ள சொல் கிடைக்குமானால், அறைதடியைக் கைவிட்டு அதையே ஏற்பேன்.