டைடிவர்ஸ் ஏற மறுக்கிறது, தமிழும் தெரியவில்லை: ஆர் மென்பொருள் நிறுவ உதவி தேவை

செந்தூல்_டீச்சர்:
வணக்கம். கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான், பகுதி நேரமாக முதுகலை படிக்கிறேன். நான்காம் ஆண்டு மாணவர்களின் வாசிப்புப் பழக்கம் பற்றிப் பெற்றோரிடம் கூகிள் ஃபார்மில் கேட்டு வாங்கிய பதில்கள் கையில் இருக்கின்றன. கேள்வி, பதில் எல்லாமே தமிழ். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் பல்கலைக்கழக லேபில் மட்டும்தான் இருக்கிறது, எனக்கோ சனிக்கிழமைதான் அங்கே போக முடியும். அதனால் மேற்பார்வையாளர், அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான ஆரைப் பழகச் சொல்லிவிட்டார்.

லேப்டாப் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். வகுப்புத் தோழி பென்டிரைவில் கொடுத்த ஆர், ஆர்ஸ்டூடியோ இரண்டையும் போட்டேன். திறக்கிறது. ஆனால் தரவைக் கையாள உதவும் டைடிவர்ஸ் என்ற கூடுதல் தொகுப்பைப் போடும்போது சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) நிறுவவா என்று கேட்கிறது. ஆம் என்றால், ஆர்டூல்ஸ் இல்லை என்று சிவப்பு எழுத்தில் திட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சிஎஸ்வி கோப்பைத் திறந்து பார்த்தாலோ, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் <யு+0பி95> என்று வரிசையாகக் குறிகள்.

மாதம் சில பத்து வெள்ளிக்குச் சர்வர் வாடகைக்கு எடுத்து அதில் போட்டுக்கொள் என்கிறான் தம்பி. அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பாயான்_மணி:
டீச்சர், சர்வரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பார்ப்பதற்கு இரண்டு பிரச்சினை மாதிரி இருக்கிறது, வேர் ஒன்றுதான்: பென்டிரைவில் வந்த ஆர் பழசு. ஆர்ஸ்டூடியோ திறந்ததும் கன்சோலின் முதல் வரியில் பதிப்பு எண் தெரியும். 4.2க்குக் கீழேதான் இருக்கும், பந்தயம்.

2022 ஏப்ரலில் 4.2.0 வரும்வரை விண்டோஸில் ஆர் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தில்தான் (எழுத்துகளை எண்களாக வைக்கும் முறை) ஓடியது. மலாய், ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு அதில் இடமே கிடையாது. அதனால் எழுத்துக்குப் பதிலாக யூனிகோட் எண்ணைத் துப்பும். உங்கள் 0பி95 வேறொன்றுமில்லை, 'க'. தரவு கெடவில்லை, பயப்படாதீர்கள். 4.2லிருந்து எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் வந்துவிட்டது. ஒரே நிபந்தனை, விண்டோஸ் 10இல் 1903 பதிப்பாவது இருக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்று தட்டினால் அது தெரிந்துவிடும்.

இனி டைடிவர்ஸ். விண்டோஸுக்கான தயார் பைனரிகளை (உடனே ஓடும் கோப்புகளை) நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தையதற்கும் மட்டும்தான் ஆரின் அதிகாரபூர்வக் களஞ்சியமான கிரான் தொடர்ந்து கட்டித் தரும். அதைவிடப் பழைய ஆர் என்றால் பைனரி அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கும், சோர்ஸ் மட்டும் புதுசாகிக்கொண்டே போகும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் சோர்ஸிலிருந்து நிறுவவா என்று கேட்கிறது. ஆம் என்றால் சோர்ஸைக் கம்பைல் செய்யும், அதாவது ஓடும் வடிவுக்கு மாற்றும் வேலை உங்கள் லேப்டாப் தலையில் விழும். அதற்கான கருவிப் பெட்டிதான் ஆர்டூல்ஸ், இப்போது உங்களுக்கு அது வேண்டாம்.

பழைய ஆரை நீக்கிவிட்டு கிரான் தளத்தில் 'பேஸ்' என்ற இணைப்பிலிருந்து புதிய ஆரைப் போடுங்கள். அப்புறம் ஆர்ஸ்டூடியோவைத் தயாரிக்கும் போசிட் நிறுவனத்தின் தளத்தில் ஆர்ஸ்டூடியோ டெஸ்க்டாப், இலவசப் பதிப்பு. ஆர்ஸ்டூடியோ என்பது முகப்பு மட்டும்தான், உள்ளே கணக்குப் போடுவது ஆர். ஆர்ஸ்டூடியோவைப் புதுப்பித்தால் ஆரும் புதுசாகிவிடும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் எங்கள் தொழிற்சாலையிலேயே இருக்கிறார்கள். மிரர் (பதிவிறக்கும் நகல் தளம்) எது என்று கேட்டால் பட்டியலில் முதலில் நிற்கும் 0-கிளவுட் போதும். சோர்ஸ் கேள்வி புது ஆரிலும் எப்போதாவது வரும், அப்போது 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள்.

ரேமைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே பாயான் லெப்பாஸில் சில்லு சோதனைத் தரவை லட்சக்கணக்கான வரிகளாக 8 ஜிபி கணினியில்தான் ஓட்டுகிறேன். உங்கள் ஃபார்முக்கு 4 ஜிபி தாராளம், குரோமில் இருபது டேப் திறந்து வைக்காத வரைக்கும்.

பிரிக்பீல்ட்ஸ்_குமார்:
மணி அண்ணே சொன்னதுதான் சரி. ஆனால் தம்பி விடாப்பிடியாக நின்றால் இதையும் காட்டுங்கள். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டு 22.04இல் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போட்டால் கிடைப்பது ஆர் 4.1.2. புதுசு வேண்டுமென்றால் கிரான் களஞ்சியத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதோடு கிரான் லினக்ஸுக்குப் பைனரி தருவதில்லை, டைடிவர்ஸ் முழுக்க அங்கேயே கம்பைல் ஆகும். 1 ஜிபி ரேம் உள்ள மலிவு சர்வரில் பாதியிலேயே செத்துப்போகும். லினக்ஸுக்குப் பைனரி தரும் களஞ்சியங்களான ஆர்2யு அல்லது போசிட்டின் பேக்கேஜ் மேனேஜரை வைத்தால் பைனரியாகவே இறங்கும், சில நிமிட வேலை. ஆர்ஸ்டூடியோ சர்வர் 8787 போர்ட்டில் உட்காரும். அதை அப்படியே இணையத்துக்குத் திறந்து வைக்காமல் எஸ்எஸ்எச் டனல் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போகச் சொல்லுங்கள்.

பாயான்_மணி:
குமார், எல்லாம் சரிதான், ஆனால் ஒரு ஃபார்முக்காக டீச்சர் லினக்ஸ் நிர்வாகியாக வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ்_குமார்:
தம்பிக்குத்தான் அண்ணே சொன்னேன் 😄

செந்தூல்_டீச்சர்:
மணி அண்ணே, பந்தயத்தில் நீங்கள்தான். 4.0.5 இருந்தது. புதிய ஆர் போட்டேன், டைடிவர்ஸ் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏறிவிட்டது. அட்டவணையில் தமிழ் அழகாக வருகிறது. ஆனால் டைடிவர்ஸில் உள்ள வரைபடக் கருவியான ஜிஜிபிளாட்டில் வரைந்தால் 'பொழுதுபோக்கு' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே புள்ளி போட்ட வட்டம். சில இடத்தில் வெறும் கட்டம். ஆய்வேட்டில் இதை எப்படி வைப்பது?

பாயான்_மணி:
அது குறியாக்கம் இல்லை டீச்சர், படத்தை வரையும் பகுதியின் வேலை. உயிர்மெய்யைச் சேர்த்து வடிவமைக்க அதற்குத் தெரியவில்லை. ராக் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, ஆர்-ஏ-ஜி-ஜி என்று எழுத வேண்டும். அதைப் போடுங்கள். பிறகு டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல், கிராஃபிக்ஸ். அங்கே பேக்கெண்ட் என்பதை ஏஜிஜி ஆக்குங்கள். கட்டம் வருவது எழுத்துரு இல்லாததால், தீமில் நிர்மலா யுஐ என்று குறிப்பிடுங்கள். அது விண்டோஸிலேயே இருக்கிறது.

படத்தைத் திரையிலிருந்து வெட்டி வேர்டில் ஒட்டாதீர்கள். ஜிஜிசேவ் கட்டளையில் பிஎன்ஜியாக, 300 டிபிஐயில் சேமியுங்கள். ராக் இருந்தால் அது தானாகவே அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

செந்தூல்_டீச்சர்:
கொம்பு சேர்ந்துவிட்டது! கடைசியாக ஒன்று. அட்டவணையைச் சிஎஸ்வியாக்கி மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன், எக்செலில் தமிழ் குப்பையாகத் தெரிகிறதாம்.

பிரிக்பீல்ட்ஸ்_குமார்:
டைடிவர்ஸோடு வரும் ரீட்ஆரில் 'ரைட் எக்செல் சிஎஸ்வி' என்று தனிக் கட்டளை இருக்கிறது, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளத்தை வைத்து எழுதும், எக்செல் சரியாகப் படித்துக்கொள்ளும். அதே அட்டவணையை இந்தக் கட்டளையில் எழுதி மறுபடி அனுப்புங்கள்.